வரிக்கு ஒரு மூச்சு

என் மகள் தன் பெண்ணை வருகிற ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதில்லை என்று சொன்ன நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கப் போகிறாளாம். வேலூரில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் அப்படிச் செய்கின்றனவாம். அதிலும் பல வகைகள் உண்டு என்று கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டிக் காட்டினாள். பள்ளிக்கூடம் போலவே மணிப்படி நடத்துவது, மணியே பார்க்காமல் பிள்ளையின் போக்கில் விடுவது, கதைப் புத்தகங்களை வைத்தே எல்லாவற்றையும் சொல்லித் தருவது, சமையலும் தோட்டமுமாகக் கைவேலையில் பழக்குவது என்று அவள் சொல்லச் சொல்ல நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழில் நிறுத்தினாள்.

"நம்ம குடும்பத்துக்கும் பழக்கவழக்கத்துக்கும் எது ஒத்துவரும்னு நீங்கதாம்பா சொல்லணும். நீங்கதான் ஒரு வருஷம் வீட்லயே படிச்சவராச்சே."

என் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நான் எதையும் எண்ணுகிறவன். மாடிப்படி, மாத்திரை, எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி, கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் பார்த்த தடவை, எல்லாவற்றையும் எண்ணுவேன். வீட்டில் இதைக் கிழவனின் கோளாறு என்கிறார்கள். கிழவனானபின் வந்தது இல்லை இது. எனக்கு ஒன்பது வயதில் வந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில் தொண்டைவலியோடு தொடங்கியது. பிறகு முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் கணுக்கால். அது வற்றியதும் முழங்கை. ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா என் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அவ்வளவு நேரம் கேட்பதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குப் பயம் பிடித்தது. மூட்டுக் காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டது, ஒரு வருஷம் ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது, பள்ளிக்கூடம் கூடாது, மாதம் ஒரு பெனிசிலின் ஊசி என்று அப்பாவிடம் சொன்னார். அம்மாவுக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நூறைத் தாண்டினால் என்னைப் படுக்க வைத்துவிட வேண்டும்.

இதற்கென்றே அப்பா பழைய கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி வந்தார். அம்மா காலையிலும் நண்பகலிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாள். உதடு மட்டும் நூலளவு அசையும். நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். நாளடைவில் எனக்குள் ஒரு நம்பிக்கை ஊறிவிட்டது. அம்மா எண்ணுவதனால்தான் அது துடிக்கிறது. அவள் எண்ணாமல் விட்டால், சாவி கொடுக்காத கடிகாரம் போல நின்றுவிடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்களே என்பதைவிட, ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

ஒரு வருஷப் படிப்பு வீணாகக் கூடாது என்று அப்பா வீட்டிலேயே பள்ளிக்கூடம் வைத்தார். ஜட்கா வண்டிக் குதிரையின் கழுத்து மணி ஒன்று எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. காலை ஏழு மணிக்கு முதல் மணியை அப்பாவே அடிப்பார். பிறகு அவர் வேலைக்குப் போனதும், சுவரில் ஒட்டிய அட்டவணைப்படி அம்மா அடிக்க வேண்டும். சாயங்காலம் அவர் திரும்பி வந்து சோதிப்பார்.

அப்பா டேனரியில் தோல் தரம் பிரிப்பவர். பதனிட்ட ஆட்டுத்தோலை மேசைமேல் விரித்து உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், ஒன்றிலிருந்து ஆறுக்குள் ஒரு நம்பர் சொல்வார். ஆறிலும் அடங்காதது ரிஜெக்ட். அவர் சொன்ன நம்பரை யாரும் மாற்றியதில்லையாம். என் சிலேட்டையும் அப்படித்தான் வெளிச்சத்தில் பிடிப்பார்.

"அஞ்சு" என்பார்.

ஒருநாள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, தோலா அது? புள்ளைங்க."

"தோலா இருந்தா நாலு குடுத்திருப்பேன்" என்றார் அப்பா.

மணி அடித்தால் என் நாடி நூறைத் தாண்டியது. தாண்டினால் அம்மா படுக்க வைப்பாள். படுத்து அது இறங்குவதற்குள் அடுத்த பாடத்துக்கு மணி அடிக்க வேண்டி வரும். முதல் வாரத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது கூரையில் எத்தனை உத்தரம் என்பது ஒன்றுதான். பதினொன்று.

இந்தச் சமயத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். ரயில்வேயில் கார்டு, காட்பாடியில் குடியிருந்தார். சங்கிலி கோத்த பெரிய கடிகாரம் அவர் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். மணியையும் அட்டவணையையும் சிலேட்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வீட்ல வெச்சு படிக்க வெக்கிறதெல்லாம் ராஜா வீட்டுக்குச் சரி மாப்ள. நமக்கு இன்னாத்துக்கு? எங்கூட அனுப்பிடு. எதிர்லயே பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரியும் பக்கம்."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எம் புள்ளைய நான் படிக்க வெப்பேன் மச்சான்."

"சரி. முழுப்பரீட்சை டைம்ல நான் வர்றேன். கேள்வி கேப்பேன். சொல்லிட்டான்னா இங்கயே இருக்கட்டும். சொல்லலன்னா அன்னிக்கே கூட்டிட்டுப் போய்டுவேன். சம்மதமா?"

"வா, கேளு" என்றார் அப்பா.

இரண்டு ஆண்களும் கை குலுக்கிக்கொண்டார்கள். நான் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்தேன். காட்பாடியில் மாமாவிடம் கடிகாரம் உண்டு. ஆனால் அவர் எப்போதும் ஏதாவது ஒரு ரயிலில் இருப்பார். அத்தை நல்லவள்; ஆனால் அவளிடம் கடிகாரம் இல்லை. அப்படியானால் அங்கே என்னை எண்ணுவது யார்? காட்பாடிக்குப் போனால் எத்தனை நாள் தாங்குவேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருநாள்கூடத் தேறவில்லை.

நாங்கள் இருந்த வீடு டேனரி முதலாளியுடையது. ஒட்டினாற்போல் இருந்த பக்கத்து வீடும் அவருடையதுதான். அதில் அவருடைய தங்கை, கணவரை இழந்தவர், இரண்டு பெண்களோடு இருந்தார். இரண்டு வீட்டுப் பின்கட்டுக்கும் பொதுவான சுவரில், குனிந்து நுழையும் உயரத்தில், ஒரு சின்னக் கதவு உண்டு. எங்கள் ஊரில் அந்தத் தெருக்களில் இது வழக்கம். பெண்கள் தெருவில் இறங்காமலே வீட்டுக்கு வீடு போய்வருவதற்காக வைத்தது. ஆண்கள் அந்தக் கதவைத் தொடமாட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் போல இருந்துவிடுவார்கள். அப்பாவும் அப்படித்தான் இருந்தார்.

அவர்கள் வீட்டு உருதில் அம்மாவின் உடன்பிறந்தாளைக் காலா என்பார்கள். முதலாளியின் தங்கையை நான் காலா என்றுதான் கூப்பிட்டேன். ஒருநாள் காலை, வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சின்னக் கதவில் குனிந்த காலா, எங்கள் வீட்டு மணிச்சத்தம் கேட்டு நின்றுவிட்டார்.

"இன்னாது தங்கச்சி, குதிரை வண்டி உள்ளயே வந்துட்டுதா?"

அம்மா முதலில் சிரித்தாள். சிரித்தவள் அழுதுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள், காட்பாடி உட்பட.

"மணி அடிச்சா புள்ளைக்கு நெஞ்சு அடிக்குது, நெஞ்சு அடிச்சா நீ அழுவுற. பேஜார். இங்க அனுப்பு. எம் பொண்ணுங்களோட உக்காரட்டும். முடியலன்னா படுத்துக்கட்டும். படுத்துக்கினு படிச்சா படிப்பு ஏறாதுன்னு யாரு சொன்னது?"

"அவருக்குத் தெரிஞ்சா இன்னா சொல்வாரோக்கா. உங்கண்ணன் வீட்டுக்குள்ள..."

"ஆம்பளைங்களுக்கு எதுக்கு அது? கதவு நம்மது."

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் அம்மா என்னைச் சின்னக் கதவு வழியாக அந்தப் பக்கம் அனுப்பினாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றாள். சொன்னால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. அந்த மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் வேறு வேறு மாதிரி.

காலாவின் மூத்த பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. பெரியவளாகிவிட்டாள் என்று முந்தின வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். இளையவளுக்கு எட்டு. அக்கா போகாத இடத்துக்குத் தானும் போகமாட்டேன் என்று அவளும் நின்றுவிட்டாளாம். காலா வேலூரில் விடுதியில் தங்கி எட்டாவதுவரை படித்தவர். தமிழும் கணக்கும் உருதும் ஓதுவதும் எல்லாம் அவரே சொல்லித் தந்தார். மணி கிடையாது. அடுப்பில் பருப்பு வேகும் நேரம் கணக்கு. பருப்பைக் கடையும் நேரம் வாய்ப்பாடு. பேரீச்சங்கொட்டைகளைப் பாயில் கொட்டிக் கூட்டவும் வகுக்கவும் வைப்பார். என் தலைமாட்டில் ஒரு தலையணை எப்போதும் இருக்கும்.

பாடம் தொடங்குமுன் பெண்கள் இருவரும் தங்கள் வழக்கப்படி இறைவனின் பெயரைச் சொல்வார்கள். நான் விழித்தேன். "நீ உங்கம்மா சொல்றதச் சொல்லிக்க பேட்டா" என்றார் காலா. "சும்மா மட்டும் ஆரம்பிக்காத."

மூத்தவள் எனக்கு மாதாமாதம் ஊசி போடுவதை அறிந்து 'ஊசி' என்றே பெயர் வைத்துவிட்டாள். நான் குனிந்து நுழையும்போதே குரல் வரும். "ஏய் ஊசி, இன்னிக்கு எத்தினி?"

"தொண்ணூத்தி நாலு."

"அய்ய, ஜாஸ்தி. படு, படு."

எனக்கு இருந்த பெரிய சங்கடம் சங்கீதம். எங்கள் வேதமான பைபிளிலிருந்து நீளமான சங்கீதம் ஒன்றை மாமா வரும்போது பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று அப்பா கொடுத்திருந்தார். இரண்டு வரி சொல்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கினால் பயம் வந்தது. பயம் வந்தால் மூன்றாவது வரி மறந்தது. காலா சில நாள் பேசாமல் கவனித்தார். பிறகு என்னைச் சம்மணமிட்டு உட்காரச் சொன்னார். தன் பெண்கள் ஓதும்போது முன்னும் பின்னும் மெல்ல ஆடுவார்கள் அல்லவா, அப்படி என் தோளைப் பிடித்து ஆட்டினார்.

"முன்னால சாயும்போது சொல்லு. பின்னால போகும்போது மூச்ச இழு. வரிக்கு ஒரு மூச்சு. ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்."

எங்கள் வேதப் புத்தகத்தைச் சுத்தமான துணியில் வைத்து மடிமேல் விரித்து, விரலால் வரியைத் தொடர்ந்தபடி அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு சொல் மாறினாலும் விரல் நின்றுவிடும். அந்த ஆட்டத்தில் மெதுவாக ஒரு ராகமும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டில் எதைச் சொன்னாலும் அந்த ராகத்தில்தான் சொன்னார்கள். கோடை தொடங்கும்போது முழுச் சங்கீதத்தையும் மூச்சு வாங்காமல் சொன்னேன். அன்று நண்பகல் அம்மா என் நாடியை எண்ணிவிட்டு, கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி எண்ணினாள்.

பயம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். முதலாளி தன் தங்கையைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வருவார். தெருமுனையில் கார் ஹார்ன் சத்தம் கேட்டால் மூத்தவள் என்னைப் பிடித்துத் தள்ளுவாள். "ஓடு, ஓடு! அய்யய்யோ, ஓடாத! நட, சீக்கிரமா நட!" நான் நடந்து, குனிந்து, எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். முதலாளியை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அப்பா அவர் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். எனக்கு அது போதும்.

சிலேட்டு ஐந்திலிருந்து மூன்றுக்கு வந்தது. பிறகு ஒருநாள் அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்தபடி வெகுநேரம் யோசித்து, "ரெண்டு" என்றார். அம்மாவைப் பார்த்து, "பாத்தியா? எல்லாம் மணியோட வேலை" என்றார். அம்மா தலையாட்டினாள்.

மாமா சொன்னபடி வந்தார். ஆற்காட்டுப் பக்கம் போனபோது வாங்கியதாக ஒரு பெட்டி மக்கன் பேடா இனிப்பை மேசைமேல் வைத்தார். திறக்கவில்லை. அப்பா முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டார். அம்மா பின்கட்டு வாசலில் நின்றாள். அவள் கை கடிகாரத்தின்மேல் இருந்தது.

காட்பாடியில் இன்ன மணிக்குப் புறப்படும் வண்டி ஆம்பூரை எப்போது தொடும் என்று மாமா கணக்குக் கேட்டார். சொன்னேன். ஜோலார்பேட்டையை? சொன்னேன். வழியில் பத்து நிமிஷம் நின்றால்? அதையும் சொன்னேன். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். அப்பாவின் முதுகு நாற்காலியில் நிமிர்ந்துகொண்டே வந்தது.

"சங்கீதம் சொல்லு. நின்னு சொல்லு."

நின்று சொன்னேன். இரண்டு வரி தாண்டியதும் மூச்சு வாங்கியது. மூன்றாவது வரி தொண்டைக்கு வரவில்லை. மாமாவின் முகத்துக்குப் பின்னால் தண்டவாளமும் காட்பாடி ஸ்டேஷனும் தெரிந்தன. என்ன செய்கிறேன் என்று அறியாமலே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஆடத் தொடங்கினேன். முன்னால் சாய்ந்தால் வரி, பின்னால் போனால் மூச்சு. ராகம் வந்துவிட்டது. வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"நிறுத்து" என்றார் மாமா.

கண்ணைத் திறந்தேன். மாமா எழுந்து நின்றிருந்தார்.

"இன்னாடா இது? எதுக்கு ஆடுற? நம்ம கோயில்ல யாராவது இப்படிச் சொல்லிப் பாத்திருக்கியா? யார்கிட்டடா கத்துக்கின?"

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்த தோலில் கண்ணுக்குத் தப்பிய ஓட்டை ஒன்று தெரிந்ததுபோல் இருந்தது அந்தப் பார்வை. அம்மா தரையைப் பார்த்தாள்.

"இது படிப்பா மாப்ள? இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். ஏம்மா, துணிமணிய எடுத்து வையி. சாயங்கால வண்டிக்குப் போறோம்."

என் காதுக்குள் துடிப்பு கேட்டது. எண்ண முயன்றேன், எண்ணிக்கை கைக்குச் சிக்காமல் ஓடியது. அப்போதுதான் பின்கட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. சின்னக் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. ஆள் தெரியவில்லை.

"அண்ணே, ஒரு வார்த்தை."

அப்பா சட்டென்று எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கதவின் பக்கம் திரும்பாமல் எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றார். முதலாளி முன்னால் அவர் நிற்பது அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாரும்மா அது?"

"பக்கத்து வீட்டு அக்கா" என்றாள் அம்மா. அவள் குரல் எனக்கே கேட்கவில்லை.

"புள்ள தப்பா சொன்னானா அண்ணே?" என்றது கதவு. "எந்த வரில தப்பு? அதச் சொல்லுங்க மொதல்ல. வரி உங்களுது, வார்த்தை உங்களுது. ஆட்டம் மட்டும் இந்த வீட்டுது. நின்னு சொன்னா அவனுக்கு மூச்சு வாங்குது. ஆடிக்கினு சொன்னா வாங்கல. உங்ககிட்ட கடியாரம் இருக்குதாமே? கையப் புடிச்சு எண்ணிப் பாருங்க."

ரயில் கார்டு ஆனதாலோ என்னவோ, எண்ணிப் பார் என்று சொன்னால் எண்ணாமல் இருக்க மாமாவால் முடியவில்லை. சங்கிலியை இழுத்துக் கடிகாரத்தை எடுத்தார். என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"சொல்லு."

ஆடினேன். ராகத்தோடு சொன்னேன். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொன்னேன். அம்மாவைத் தவிர வேறொருவர் என்னை எண்ணியது அதுதான் முதல் தடவை. நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. மாமா உதட்டை அசைப்பதை நிறுத்திக் கடிகாரத்தின் மூடியை மூடினார்.

"எண்பத்தாறு" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "இந்த வருஷம் இருக்கட்டும் மாப்ள" என்றார்.

நான் பிழைத்தேன் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. அழுகையை நிறுத்தத் தெரியவில்லை, மூச்சு இழுத்தது. அம்மா ஓடி வந்து கையைப் பிடித்தாள். "அய்யோ, நூத்தி முப்பதுங்க! அய்யோ, எம் புள்ள!" என்று அவள் அலறிய அலறல் தெருமுனைவரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். மாமா வெறுங்காலோடு தெருவில் ஓடி ஜட்கா பிடித்தார். பஜார் டாக்டர் சோதித்துவிட்டு, பயந்திருக்கிறான், வேறொன்றும் இல்லை என்று ஒரு மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருந்து, பொழுது சாயும்போது அனுப்பினார். மாமா அங்கிருந்தே ரயிலுக்குப் போய்விட்டார். நான் அப்பாவின் தோளில் தூங்கியபடி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை டேனரி சங்கு ஊதுமுன் ஆணியடிக்கும் சத்தத்தில் விழித்தேன். அப்பா சின்னக் கதவின்மேல் இரண்டு பலகைகளைக் குறுக்கே வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக்கா நல்லதுக்குத்தானேங்க செஞ்சாங்க?" என்றாள் அம்மா.

"நல்லதுக்குத்தான். அதான் பயமா இருக்குது." அப்பா வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "முதலாளி தங்கச்சி நம்ம வூட்டு ஆம்பளைங்ககிட்ட வாய் தொறந்து பேசிட்டாங்க. அவரு காதுக்குப் போனா இன்னா ஆவும்? வேலையும் அவருது, வீடும் அவருது. இனிமே ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போகக் கூடாது."

அன்று முதல் மறுபடி மணி அடித்தது; பாடத்தை மட்டும் உதட்டுக்குள்ளேயே சொல்லச் சொன்னார் அப்பா. அன்று முதலே, வழக்கமாக நான் குனிந்து நுழையும் நேரத்துக்கு, பலகைக்கு அந்தப் பக்கம் கதவு தட்டும் சத்தமும் கேட்டது. மூன்று தட்டு. சற்று இடைவெளி. மறுபடி மூன்று. அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்று, என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கு வேறு கவலை. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறேன் என்று காலாவிடம் சொல்லியிருந்தேன், படிக்கவில்லை. அதற்குத்தான் தட்டுகிறார் என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் இங்கே இல்லவே இல்லை என்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் தட்டினார். அதற்கு மறுநாளும். தட்டும் சத்தம் நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டு வந்தது. ஆனால் தட்டும் நேரம் நீண்டுகொண்டே வந்தது.

ஒருநாள் மத்தியானம் அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பயத்தை மேலும் சுமக்க முடியவில்லை. பின்கட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடி, பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை அந்த ராகத்திலேயே உரக்கச் சொன்னேன். வரிக்கு ஒரு மூச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. "அம்மீ!" என்று மூத்தவள் கத்தினாள். யார் யாரோ ஓடிவரும் காலடி கேட்டது. பிறகு சத்தமே இல்லை. நான் கடைசி வரி சொல்லி முடிக்கும்வரை சத்தமே இல்லை.

மறுநாள் யாரும் கதவைத் தட்டவில்லை. அதற்குப் பிறகு எப்போதுமே தட்டவில்லை.

அந்தப் பக்கத்துக்கு என்ன கேட்டிருக்கும் என்று யோசிக்க எனக்குப் பல வருஷங்கள் ஆயின. ஒரு தாயின் அலறல். ஜட்கா ஓடும் சத்தம். மறுநாள் விடியற்காலையில் பலகையில் ஆணியடிக்கும் சத்தம். எங்கள் கிறிஸ்தவ சனங்களின் வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிக்குப் பலகையில் ஆணியடிப்பார்கள் என்று காலாவுக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் குதிரை மணி மட்டும்தான்; மணிக்குப் பிறகு பாடம் சொல்லும் என் குரல் இல்லை. தெருவில் இறங்கி வந்து விசாரிக்க அவருக்கு வழியில்லை. ஆள் அனுப்பிக் கேட்டால் அண்ணன் காதுக்குப் போகும். நான் இருக்கிறேனா, இல்லையா என்று கேட்க அவரிடம் இருந்தது மூன்று தட்டு மட்டும்தான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டதால்தான் நிறுத்தினார்.

ஒன்பது வயதில் எனக்கு அது எங்கே தெரியும்? வாய்ப்பாட்டில் தப்பு விட்டிருக்கிறேன், கோபித்துக்கொண்டு என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்து, தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். பிறகு தப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதற்காகப் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து, குரலெடுக்காமல், ஒவ்வொரு வரியாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.